பச்சையம் எப்படி உருவாகிறது? இலைக்குள் ஒரு நீண்ட வரிசையும் நடுவில் ஒரு கூட்டுரோடும்

நிலக்கடலைச் செடியின் கொழுந்து வெளுக்கிறது. உரக்கடையில் கேட்டால் யூரியா போடச் சொல்கிறார்கள். போட்டும் வெளுப்பு போகவில்லை. அப்புறம் வயலுக்கு வந்து பார்த்தவர், "இது இரும்புச்சத்துக் குறை" என்கிறார். விவசாயிக்குக் குழப்பம். பச்சையத்தின் நடுவில் மக்னீசியம் இருப்பதாகத்தானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்? இரும்பு எங்கிருந்து வந்தது?

இன்னொரு குழப்பம் கைப்பேசி வழியாக வருகிறது. பச்சையத்துக்கும் ரத்தத்தின் சிவப்புக்கும் ஒரே அமைப்பு, நடுவில் உள்ள உலோகம் மட்டும்தான் வேறு, ஆகவே கோதுமைப்புல் சாறு குடித்தால், திரவக் குளோரோபில் சொட்டு விட்டுக் குடித்தால் ரத்தம் ஊறும் என்கிறார்கள். இந்தப் பேச்சின் முதல் பாதியில் ஓரளவு உண்மை இருக்கிறது. இரண்டாம் பாதியைப் பலரும் நம்பிவிடுவது அதனால்தான்.

இரண்டு குழப்பத்துக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது: செடி பச்சையத்தை எந்த வரிசையில், எதிலிருந்து செய்கிறது என்பதில்.

பச்சையம் என்பது என்ன

குளோரோபில் என்ற பெயரை 1817-இல் பெல்லெத்தியே, காவந்து என்ற இரு பிரெஞ்சு வேதியியலர்கள் வைத்தார்கள். கிரேக்கத்தில் அதற்குப் 'பச்சை இலை' என்று பொருள். சின்கோனா பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்ததும் இதே இருவர்தான்.

ஒரு பச்சைய மூலக்கூறுக்குத் தலை உண்டு, வால் உண்டு. தலை ஒரு தட்டையான வளையம். நான்கு சிறிய வளையங்கள் கோத்த பெரிய வளையம் அது. நடுவில் நான்கு நைட்ரஜன் அணுக்கள் சுற்றிப் பிடித்திருக்க, ஒரேயொரு மக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கும். வால் என்பது 20 கார்பன் நீளமுள்ள, எண்ணெய்த் தன்மை கொண்ட சங்கிலி; அதன் பெயர் ஃபைட்டால். தலை ஒளியைப் பிடிக்கும், வால் பசுங்கணிகத்தின் சவ்வுக்குள் மூலக்கூறை ஊன்றி நிறுத்தும். பசுங்கணிகம் என்றால், இலையின் செல்லுக்குள் ஒளிச்சேர்க்கை நடக்கும் சிறு அறை.

தாவரங்களில் முக்கியமாக இரண்டு வகைப் பச்சையம் உண்டு. 'ஏ' வகை நீலம் கலந்த பச்சை, 'பி' வகை மஞ்சள் கலந்த பச்சை. வெயிலில் வளரும் இலையில் பெரும்பாலும் மூன்று பங்கு 'ஏ', ஒரு பங்கு 'பி' என்ற கணக்கில் இருக்கும். இரண்டும் சிவப்பு, நீல ஒளியை நன்றாக விழுங்கிப் பச்சையைக் குறைவாக விழுங்குகின்றன. மிஞ்சுவதுதான் நம் கண்ணுக்கு வருகிறது.

'ஏ' வகையின் ஒரு மூலக்கூறில் 55 கார்பன், 72 ஹைட்ரஜன், 5 ஆக்சிஜன், 4 நைட்ரஜன், 1 மக்னீசியம். எடையில் பார்த்தால் மக்னீசியத்தின் பங்கு 3 சதவீதம்கூட இல்லை. அந்த மக்னீசியம் உள்ளே இருப்பதை நிறுவிய ஜெர்மானியர் ரிச்சர்ட் வில்ஸ்டாட்டருக்கு 1915-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1930-இல் ஹான்ஸ் ஃபிஷருக்குக் கிடைத்த நோபல், ரத்தத்தின் சிவப்பு நிறமி, பச்சையம் இரண்டின் அமைப்பையும் ஆராய்ந்ததற்காக. இரண்டும் ஒரே பரிசில் சேர்ந்து வந்தது தற்செயல் இல்லை. 1960-இல் உட்வர்டு என்ற அமெரிக்கரின் குழு ஆய்வகத்தில் பச்சையத்தைச் செயற்கையாகச் செய்து காட்டியது. ஒரு பெரிய குழு வருடக்கணக்கில் மல்லுக்கட்டிய வேலையை, வேலியோரத்துப் புல் காலை வெயிலில் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது.

செடி அதைச் செய்யும் வரிசை

பதினைந்துக்கும் மேற்பட்ட நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கை மாற்றிக் கொடுக்கும் வேலை இது. நொதி என்பது வேதிவினையை நடத்திவைக்கும் புரதம். எல்லாப் படிகளின் பெயரும் நமக்குத் தேவையில்லை. முக்கியமான ஆறு கட்டங்கள் போதும். ஆறுமே நடப்பது பசுங்கணிகத்துக்குள்தான்.

1. தொடக்கச் சரக்கு. இது குளுட்டமிக் அமிலம் என்ற சாதாரண அமினோ அமிலம். அஜினோமோட்டோ உப்பாக ஃப்ரைட் ரைஸில் தூவுகிறார்களே, அதன் மூலமும் இதுதான். செடி இதை நேராக எடுத்துக்கொள்வதில்லை. புரதம் கட்டுவதற்கு அமினோ அமிலங்களைச் சுமந்து வரும் ஒரு வகை ஆர்.என்.ஏ.வின் முதுகில் முதலில் ஏற்றுகிறது, அங்கிருந்து இறக்கி உருமாற்றுகிறது. புரதம் கட்டாத ஒரு வேலைக்கு அந்தச் சுமைவண்டியைப் பயன்படுத்துவது செல்லுக்குள் அபூர்வம். கிடைப்பது ஐந்து கார்பன் கொண்ட அமினோலெவுலினிக் அமிலம்; சுருக்கமாக ஏ.எல்.ஏ. மொத்த வரிசைக்கும் இதுதான் மெயின் குழாய். திறப்பதும் மூடுவதும் பெரும்பாலும் இங்கேயே நடக்கிறது.

2. வளையம் கட்டுதல். இரண்டு ஏ.எல்.ஏ. சேர்ந்தால் ஒரு சிறு வளையம். நான்கு சிறு வளையங்கள் வரிசையாகக் கோத்து, இரு முனையும் ஒன்றோடொன்று மூடினால் பெரிய வளையம். ஆக ஒரு பச்சையத்தின் தலைக்கு எட்டு குளுட்டமிக் அமிலம் செலவு. இந்த வளையத்துக்கு முதலில் நிறமே கிடையாது. ஓரங்களைச் செதுக்கி, ஹைட்ரஜன்களை உருவிய பிறகு புரோட்டோபார்ஃபைரின் என்ற பொருளாகிறது. இப்போது நிறம் வந்துவிட்டது. ஆனால் பச்சை இல்லை, சிவப்பு.

3. கூட்டுரோடு. இந்தச் சிவப்பு வளையத்தின் நடுக்குழி இன்னும் காலி. இங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. குழியில் இரும்பை வைத்தால் அது ஹீம். நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினில் இருக்கும் அதே ஹீம். மக்னீசியத்தை வைத்தால் பச்சையத்தின் பாதை. செடிக்கு ஹீமும் தேவை. சுவாசத்துக்கும் வேறு பல நொதிகளுக்கும் அது வேண்டும். அதனால் இரண்டு பாதையிலும் போக்குவரத்து உண்டு. இரும்பை வைக்கும் நொதிக்கு வேலை சுலபம், தனியாக ஆற்றல் செலவில்லை. மக்னீசியத்தை வைப்பதற்கு மூன்று வகைப் புரதங்கள் சேர்ந்த ஓர் இயந்திரம் வேண்டும். செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யையும் அதற்குக் கொடுத்தாக வேண்டும்.

4. ஐந்தாவது வளையம். மக்னீசியம் ஏறிய தலையின் பக்கவாட்டில் இன்னொரு சிறு வளையம் ஒட்டப்படுகிறது. இதைச் செய்யும் நொதி தன் உள்ளே இரும்பு அணுக்களை வைத்துக்கொண்டுதான் இயங்குகிறது, ஆக்சிஜனும் வேண்டும். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடலைக்காட்டுக்குத் திரும்பும்போது தேவைப்படும்.

5. வெளிச்சம். இதுவரை கிடைத்திருப்பது புரோட்டோகுளோரோபிலைடு. பச்சையமாவதற்கு அதன் ஒரு வளையத்தில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் சேர்ந்தால் போதும். அதைச் செய்யும் நொதி, தேவையான பொருள்களைக் கையில் பிடித்தபடி காத்திருக்கும். ஒளி பட்டால்தான் வினை நடக்கும். ஒளி இல்லாமல் இயங்காத நொதிகள் உயிருலகிலேயே விரல் விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் இது ஒன்று.

6. வால். 20 கார்பன் சங்கிலி தலையோடு இணைகிறது. 35 கார்பன் தலை, 20 கார்பன் வால், மொத்தம் 55. இதுதான் 'ஏ' வகை. அதில் ஒரு பகுதியை இன்னொரு நொதி ஆக்சிஜனைக் கொண்டு சிறிது மாற்றி 'பி' வகை ஆக்குகிறது. செய்து முடித்த பச்சையம் சும்மா மிதப்பதில்லை, உடனே புரதங்களில் பொருத்தப்படுகிறது.

முளைப்பாரி ஏன் வெளிர் மஞ்சள்

ஐந்தாவது கட்டத்தைக் கண்ணால் பார்க்க ஆய்வகம் வேண்டாம், அம்மன் கோயில் திருவிழா போதும். காப்புக் கட்டியதும் மண் ஓட்டிலோ தாம்பாளத்திலோ எருவும் மண்ணும் பரப்பி, ஊறவைத்த பயறுகளைத் தூவி, வெளிச்சம் புகாத அறையில் வைத்து வளர்ப்பார்கள். ஒரு வாரம் கழித்து வெளியே எடுக்கும்போது முளைகள் ஒரு சாணுக்கு மேல் நீண்டு, தண்டு வெள்ளையாக, நுனி இலை இளமஞ்சளாக, ஒன்றை ஒன்று சாய்த்துக்கொண்டு நிற்கும். இருட்டில் செடி தன் சேமிப்பையெல்லாம் உயரத்தில் போட்டு வெளிச்சத்தைத் தேடுகிறது. அந்த மஞ்சள், கரோட்டின் வகை நிறமிகளின் மஞ்சள்.

அந்த மஞ்சள் இலைக்குள் முதல் நான்கு கட்டமும் முடிந்திருக்கிறது. புரோட்டோகுளோரோபிலைடு கொஞ்சம் சேர்ந்து, நொதியோடு ஒட்டி, கட்டுக்கட்டாக அடுக்கிவைக்கப்பட்டிருக்கிறது. ஊர்வலம் வெயிலுக்கு வந்த கணத்தில், கையிருப்பில் உள்ளது அத்தனையும் மாறிவிடும். கண்ணுக்குத் தெரியாத அளவு. அதற்குப் பிறகு சிறிது நேரம் எதுவும் நடக்காததுபோல் இருக்கும். குழாய் முழுதாகத் திறந்து, பொருத்துவதற்கான புரதங்களும் சவ்வுகளும் தயாராக வேண்டும் இல்லையா? சில மணி நேரத்தில் பச்சை ஏறத் தொடங்கும். ஆற்றில் கரைக்காமல் ஒரு முளைப்பாரியை முற்றத்தில் விட்டுப் பார்த்தால் மறுநாள் தெரியும். செங்கல்லைப் புரட்டினால் அடியில் வெளுத்துக் கிடக்கும் புல்லுக்கும், முட்டைக்கோஸின் உள்ளிலைக்கும் இதே கதைதான்.

எல்லாத் தாவரங்களும் இப்படி இல்லை. பைன் மரத்தின் நாற்று இருட்டிலேயே பச்சையாகும். பாசிகள் பலவும் அப்படித்தான். அவற்றிடம் வெளிச்சம் தேவைப்படாத இன்னொரு நொதி இருக்கிறது. மிகப் பழையது, ஆக்சிஜன் பட்டால் கெட்டுப்போகக்கூடியது. பூக்கும் தாவரங்கள் அதைப் பரிணாமத்தில் இழந்துவிட்டன. தென்னை, நெல், அவரை எல்லாம் இன்றைக்கு வெளிச்சத்தை மட்டுமே நம்பியிருக்கின்றன.

கொல்லும் சரக்கு

பச்சையம் உயிர் தரும் பொருள் என்றே எப்போதும் பேசுகிறோம். செல்லின் பார்வையில் அது அடுப்புக்குப் பக்கத்தில் வைத்த மண்ணெண்ணெய். ஒளியை விழுங்குவதுதான் அதன் குணம். விழுங்கிய ஆற்றலை ஒளிச்சேர்க்கைக்குக் கைமாற்றப் புரதமும் அமைப்பும் பக்கத்தில் இருந்தால் சரி. தனியாக அகப்பட்டால் அந்த ஆற்றலை ஆக்சிஜன்மேல் கொட்டிவிடும். அந்த ஆக்சிஜன் வெறிபிடித்ததாக மாறிச் சவ்வுகளைக் கிழிக்கும். இரண்டாம் கட்டத்தின் இறுதியில் வரும் சிவப்பு வளையத்துக்கும், ஐந்தாம் கட்டத்தில் காத்திருக்கும் பொருளுக்கும் இதே குணம் உண்டு.

இருட்டில் செடி ஏன் முதல் குழாயையே மூடிவைக்கிறது என்பது இப்போது புரியும். மூடத் தெரியாத மரபணுக் கோளாறுள்ள ஒரு சிறு செடியை ஆய்வகத்தில் கண்டுபிடித்தார்கள். அதை இரவும் பகலும் விளக்கொளியிலேயே வைத்திருந்தால் பச்சையாக நன்றாக வளர்கிறது. ஓர் இரவு இருட்டில் வைத்து மறுநாள் வெளிச்சத்தில் எடுத்தால் கருகிவிடுகிறது. இரவு முழுக்கச் சேர்ந்த சரக்கு காலையில் பற்றிக்கொள்கிறது.

களைக்கொல்லி செய்பவர்கள் இந்தப் பலவீனத்தில் கைவைத்தார்கள். வெங்காய வயலில் அடிக்கும் ஆக்சிஃபுளோர்ஃபென் ஓர் உதாரணம். சிவப்பு வளையம் உருவாவதற்கு முந்தைய படியின் நொதியை அது தடுக்கிறது. தடுத்தால் சிவப்பு வளையம் குறையத்தானே வேண்டும்? கூடுகிறது. தேங்கிய முன்பொருள் பசுங்கணிகத்துக்கு வெளியே கசிந்து, கட்டுப்பாடில்லாத இடத்தில் தானாகவே சிவப்பு வளையமாக மாறிவிடுகிறது. அங்கே அதை அடுத்த கட்டத்துக்கு எடுத்துப்போக ஆளில்லை. வெயில் பட்டதும் களையின் இலை வெந்ததுபோல் ஆகிவிடும். மருந்து விழுந்தும் இருட்டிலேயே இருக்கும் இலை அப்படிக் கருகுவதில்லை. கொல்வது வெயில், மருந்து அதற்கு வழிவிடுகிறது, அவ்வளவுதான்.

மனிதருக்கும் இதில் பங்கு உண்டு. ஹீம் செய்யும் வரிசையில் கோளாறு இருக்கும் சிலருக்கு இதே வகை வளையங்கள் உடலில் தேங்கும். அந்த நோய்களுக்குப் போர்ஃபிரியா என்று பெயர். அவற்றில் சில வகை உள்ளவர்களுக்கு வெயில் பட்டால் தோல் எரிந்து கொப்புளிக்கும். இதையே மருத்துவமாகவும் திருப்பினார்கள். தோலில் புற்றுநோய்க்கு முந்தைய நிலையில் இருக்கும் திட்டுகள்மேல் ஏ.எல்.ஏ.வைத் தடவி, அது வளையமாக மாறிய பிறகு ஒளியைப் பாய்ச்சி அந்தச் செல்களை அழிக்கிறார்கள்.

மாமரம் இன்னும் உஷாரானது. அதன் தளிர் செம்பு நிறத்தில், தொட்டால் துவண்டு தொங்கும். 'மாந்தளிர் மேனி' என்று பாடிவைத்தார்களே, அந்த நிறம்தான். அதற்குக் காரணமான சிவப்பு, ஆந்தோசயனின் என்ற வேறு நிறமி. இலை ஏறக்குறைய முழு அளவுக்கு விரியும்வரை மரம் பச்சையத்தில் அதிகம் முதலீடு செய்வதில்லை. விரிந்து விறைத்த பிறகே பச்சை ஏற்றுகிறது. வெப்பமண்டல மரங்கள் பலவற்றின் பழக்கம் இது. இளந்தளிரைப் பூச்சி தின்றாலும் பெரிய நட்டமில்லை என்ற கணக்கு என்பது ஒரு விளக்கம். எனக்கு இது ஏற்புடையதாகவே படுகிறது. புழுவுக்குக் கடிக்கச் சுகமான பருவத்தில் விலையுயர்ந்த சரக்கை அங்கே வைப்பானேன்?

மஞ்சள் எந்த இலையில் தொடங்குகிறது

இனி கடலைக்காடு. இலை மஞ்சளாவதற்கு வரிசையில் எங்கோ அடைப்பு என்று பொருள். எங்கே என்பதைச் செடி ஓரளவு காட்டிக்கொடுக்கிறது. பழைய இலையா புதிய இலையா, நரம்பும் சேர்ந்து வெளுக்கிறதா இல்லையா என்ற இரண்டைப் பார்க்க வேண்டும்.

1. அடி இலை முழுவதும் சீராக மஞ்சள்: தழைச்சத்து, அதாவது நைட்ரஜன் குறை. பச்சையத்தில் இருக்கும் நான்கு நைட்ரஜன் சொற்பம்தான். பச்சையத்தைத் தாங்கும் புரதங்களும் மற்ற ஒளிச்சேர்க்கைப் புரதங்களுமே நைட்ரஜனைப் பெருமளவு பிடித்துவைத்திருக்கின்றன. குறை வந்தால் செடி பழைய இலையைக் கலைத்துக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். அதனால் அடியிலிருந்து மஞ்சளேறும். யூரியா கேட்பது இந்தச் செடிதான்.

2. அடி இலையில் நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி மட்டும் வெளுப்பு: மக்னீசியம் குறை. மக்னீசியமும் செடிக்குள் இடம் மாறும், அதனால் இதுவும் பழைய இலையில் தொடங்கும். பருத்தியில் மஞ்சளோடு நில்லாமல் இலை சிவந்தும் போகும்.

3. கொழுந்தில் நரம்பு பச்சை, இடைப்பகுதி மஞ்சள், முற்றினால் காகிதம்போல வெள்ளை: இரும்புக் குறை. பச்சையத்தின் உள்ளே இரும்பு கிடையாது. நான்காவது கட்டத்தில் ஐந்தாம் வளையத்தை ஒட்டும் நொதிக்கு அது தேவை, அங்கே வரிசை நிற்கிறது. இரும்பு பழைய இலையை விட்டு எளிதில் கிளம்பாது. ஆகவே புது இலை முதலில் பட்டினி கிடக்கும்.

கடலையும் கரும்பும் இந்த மூன்றாவது வகைக்குப் பேர்போனவை, அதிலும் சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில். அங்கே மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. செம்மண் சிவப்பாக இருப்பதே இரும்பால்தான். ஆனால் களர்த்தன்மையும் சுண்ணாம்பும் கூடும்போது அது தண்ணீரில் கரையாத வடிவத்துக்குப் போய்விடுகிறது; வேரால் எடுக்க முடியாது. தண்ணீர் தேங்கினால் இன்னும் மோசம். இந்த நிலத்தில் அன்னபேதி உப்பை, அதாவது இரும்பு சல்பேட்டை, மண்ணில் கொட்டினாலும் அதையும் சுண்ணாம்பு பூட்டிவிடும். அதனால்தான் கரைத்து இலைமேல் தெளிக்கச் சொல்கிறார்கள். கரைசலில் கொஞ்சம் சிட்ரிக் அமிலம் சேர்ப்பது, இரும்பு துருவாக மாறி வீணாகாமல் இருக்க. தெளித்த சில நாளில் துளி விழுந்த இடங்கள் மட்டும் பச்சைப் புள்ளிகளாக மீள்வதைக் காணலாம். வரிசை அங்கங்கே மறுபடி ஓடத் தொடங்கியதற்கு அடையாளம் அது.

இந்தப் பட்டியலுக்குள் அடங்காத மஞ்சளும் உண்டு. கந்தகக் குறையில் கொழுந்து நரம்போடு சேர்ந்தே வெளுக்கும். உளுந்தில் வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் வைரஸ் நோயில் பளிச்சென்ற மஞ்சள் திட்டுகள் ஒழுங்கில்லாமல் வரும். அதற்கு எந்த உரமும் மருந்தாகாது. நாற்றங்காலில் எப்போதாவது ஒரு நாற்று பால்வெள்ளையாக முளைக்கும். பச்சையம் ஏறவிடாத மரபணுக் கோளாறு அது. விதையில் இருந்த சோறு தீரும்வரை இருக்கும், அப்புறம் செத்துப்போகும்.

நெல்லுக்குப் பச்சையை அளந்தே உரமிடும் முறை இருக்கிறது. இலை வண்ண அட்டை என்பது பச்சையின் படிநிலைகள் அச்சிட்ட ஒரு சிறு பட்டை. நன்கு விரிந்த மேல் இலையை அதன்மேல் வைத்து, நம் உடல் நிழலில் ஒப்பிட வேண்டும். வெயிலில் வைத்தால் கண் ஏமாறும். தமிழ்நாட்டுப் பரிந்துரையில் வெள்ளைப் பொன்னிக்கு எண் 3, மற்ற பெரும்பாலான ரகங்களுக்கு 4 எல்லைக்கோடு. அதற்குக் கீழே போனால் தழைச்சத்து கொடுக்கலாம். ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. மஞ்சளுக்குக் காரணம் நைட்ரஜன்தான் என்று முன்பே வைத்துக்கொண்டுதான் இந்த அட்டை பேசுகிறது. கடலைக்காட்டில் யூரியா சொன்னவரும் அதே அனுமானத்தில்தான் சொன்னார்.

குடித்தால் ரத்தம் ஊறுமா

மறுபடி கூட்டுரோட்டுக்கு வருவோம். ஹீமும் பச்சையமும் ஒரே சிவப்பு வளையத்திலிருந்து பிரிந்தவை. பிரிந்த பிறகு இந்தப் பாதையிலிருந்து அந்தப் பாதைக்குத் தாவ நம் உடலில் வழி இல்லை. படிப்படியாகப் பார்த்தால்:

1. நம் உடல் ஹீமை ஆரம்பத்திலிருந்து தானே செய்துகொள்கிறது. அதற்கு வேண்டிய ஏ.எல்.ஏ.வைக்கூடச் செடியின் வழியில் செய்வதில்லை. கிளைசின் என்ற வேறு அமினோ அமிலத்தில் தொடங்குகிறது. வெளியிலிருந்து பச்சைய வளையம் வந்தாக வேண்டிய அவசியமே இல்லை.

2. வயிற்றுக்குள் போனதும் அமிலம் மக்னீசியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் ஹைட்ரஜனை உட்காரவைக்கும். பச்சை போய்ப் பழுப்புப் பச்சையாகும். சமையலறையில் தினமும் நடப்பதுதான். கீரையில் புளி சேர்த்துக் கொதிக்கவிட்டால் நிறம் மங்குவதும், மூடாமல் வேகவைத்தால் பச்சை ஓரளவு நிற்பதும் இதனால். மூடி இருந்தால் கீரையிலிருந்து ஆவியாகும் அமிலம் திரும்பச் சட்டிக்குள்ளேயே சொட்டும்.

3. மக்னீசியம் போன காலியிடத்தில் இரும்பை வைத்து ஹீமாக்கும் நொதி நம்மிடம் இல்லை. ஐந்தாவது வளையம், ஓரங்களில் வந்த மாற்றங்கள் எல்லாம் சேர்ந்து அது இப்போது வேறொரு வளையம்.

4. கடையில் விற்கும் சொட்டு மருந்து பெரும்பாலும் குளோரோஃபிலின். வாலை வெட்டி, மக்னீசியத்தை நீக்கித் தாமிரத்தை வைத்துத் தண்ணீரில் கரையும்படி செய்த பொருள். தாமிரம் அவ்வளவு எளிதில் வெளியேறாது, அதனால் புட்டியில் நிறம் மங்காது. உணவுக்குப் பச்சை நிறம் ஊட்டவும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

கீரை தின்னாதே என்பதல்ல இதன் பொருள். முருங்கைக்கீரையில் இரும்பும் ஃபோலேட்டும் இருக்கின்றன. ரத்தம் உண்டாக இரண்டும் வேண்டும். அந்த நன்மைக்கும் கீரையின் பச்சை நிறத்துக்கும் சம்பந்தமில்லை. ரத்தசோகை என்று பரிசோதனையில் வந்தவர் மருத்துவர் கொடுத்த இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டுப் புல் சாற்றுக்கு மாறுவது வீண் ஆபத்து.

கட்டியதைக் கலைப்பது

இலை முதிரும்போது செடி பச்சையத்தை அப்படியே விட்டுவிடாது. மேலே சொன்ன காரணம்தான்: தாங்கும் புரதத்தை எடுத்துக்கொண்டு பச்சையத்தைத் தனியாக விட்டால் அது எரிக்கும். அதனால் ஒழுங்காகப் பிரிக்கிறது. முதலில் நடுவிலிருந்து மக்னீசியத்தை எடுக்கிறது, வாலைக் கழற்றுகிறது, வளையத்தை ஓரிடத்தில் வெட்டித் திறக்கிறது. திறந்த துண்டுகள் கடைசியில் நிறமற்றவையாகிச் செல்லின் ஓர் ஓரத்தில் கிடங்கு போடப்படுகின்றன. ஏற்கெனவே இருந்த கரோட்டின் மஞ்சள் அப்போதுதான் தெரியவருகிறது.

மக்னீசியத்தை எடுக்கும் அந்த முதல் வேலை கெட்டுப்போனால் காய்ந்த பிறகும் பச்சை நிற்கும். 19-ஆம் நூற்றாண்டில் மெண்டல் பட்டாணியில் ஆராய்ந்த ஏழு குணங்களில் மஞ்சள் விதை, பச்சை விதை என்பதும் ஒன்று. பச்சை விதைக்குக் காரணம் இந்தக் கலைக்கும் மரபணுவில் இருக்கும் கோளாறுதான் என்று 2007-இல் தெரியவந்தது.

வாழைக்கடையில் இதை இன்னும் பக்கத்திலிருந்து பார்க்கலாம். நம் ஊரில் பச்சைப்பழம் என்று விற்கும் ரொபஸ்டா, கேவண்டிஷ் இனத்தைச் சேர்ந்தது. ஏறக்குறைய 24 டிகிரிக்கு மேல் வெப்பம் இருந்தால் இந்த இனத்தின் தோலில் பச்சையத்தைக் கலைக்கும் வேலை சுணங்கிவிடும். உள்ளே சதை கனிந்து இனித்துவிடும், தோல் மட்டும் பச்சையாகவே நிற்கும். குளிர்ந்த அறையில் எத்திலீன் வாயு விட்டுப் பழுக்கவைத்தால் அதே இனம் பளிச்சென்ற மஞ்சளாக வரும். சூப்பர் மார்க்கெட்டில் அடுக்கியிருப்பது அதுதான். மஞ்சளானதன் தோலில் பச்சையம் உடைந்த துண்டுகள் நிறைய இருக்கும். சாதாரண வெளிச்சத்தில் அவை தெரியாது. இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டினால் பழம் நீல நிறத்தில் மெல்ல ஒளிர்கிறது.